படத்துக்கே தரை டிக்கெட்

சோழவந்தான் பக்கம் என் தலைமுறை தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தது. பெஞ்சு, நாற்காலி என்று இடத்தில்தான் பேதம். திரையில் ஓடிய படம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஓடிடி படத்தையே தரம் பிரிக்கிறது. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் என்றால் ஒரே ஒரு செல்போன், இடையிடையே விளம்பரம்; 499 என்றால் 4கே தெளிவு.

‘ஜெய் பீம்’ தியேட்டருக்கு வராமல் 2021 நவம்பர் 2 அன்று அமேசான் பிரைமில் வெளியானது. அதே பிரைம் 2025 ஜூன் 17 முதல் படங்களுக்கு நடுவே விளம்பரம் போடுகிறது. வேண்டாமென்றால் ஆண்டுக்கு 699 ரூபாய் கூடுதல் என்று 2025இல் அறிவித்தது. லாக்கப் சித்திரவதைக்கு நடுவே சோப்பு விளம்பரம் யாருக்கு வரும்? காசில்லாதவருக்குத்தான்.

கேரள அரசு 2024 மார்ச்சில் ‘சி ஸ்பேஸ்’ என்ற சொந்த ஓடிடியைத் தொடங்கியது. பார்க்கிற படத்துக்கு மட்டும் பணம். தோழர்களே, தமிழ்நாட்டிலும் அதைக் கேட்போம்.