கொல்லன் தெருவில் ஊசி

வெளியூர் போய்த் திரும்புகிறவன் வெறுங்கையோடு வரக்கூடாது என்பது நம் முன்னோர்கள் ஏற்படுத்தி வைத்த சட்டம். அதை மீறுகிறவனுக்கு என்ன தண்டனை என்று அறிய விரும்பும் நேயர்கள் பட்டினச்சேரிக்கு ஒரு முறை விஜயம் செய்யலாம். பஸ்ஸிலிருந்து இறங்கும் மனிதனுடைய முகத்தை இங்கே முதலில் யாரும் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார்கள். கையில் பை இருந்தால், "சௌக்கியமா?" என்பார்கள். இல்லாவிட்டால், "என்ன, அங்கே கடையெல்லாம் அடைப்போ?" என்பார்கள்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நமது ஊர் மிகவும் பெரிய இடத்துச் சம்பந்தி. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். அவரை நமது மீனவ ஜனங்கள் "மாப்பிள்ளை" என்று உரிமையோடு அழைத்து வரவேற்கிறார்கள். பகவானையே மாப்பிள்ளையாக வைத்திருக்கும் ஊருக்கு வெறுங்கையோடு வந்து நிற்க யாருக்குத்தான் துணிவு வரும்?

சென்ற 2025-ஆம் வருஷத்துத் தொடக்கத்தில் நம்மிடம் படித்த பெண் ஒருத்தி பாரிஸிலிருந்து வந்திருந்தாள். காரைக்கால் 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவுடன் இணைந்ததும், 1962-ல் உடன்படிக்கை அமலுக்கு வந்தபோது சில குடும்பங்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை ஏற்றதும் நேயர்கள் அறிந்ததே. அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள் அவள். கணவனோடு உல்லாசக் கப்பலில் ஏறிக் கிரேக்கத் தீவுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய வாத்தியாரையும் மறவாமல் இரண்டு சாமான்கள் வாங்கி வந்திருந்தாள்.

ஒன்று, நீலக் கண்ணாடியில் செய்த கண். திருஷ்டி படாமலிருக்க வாசலில் கட்டுவதாம். மற்றொன்று சிறு பொட்டணம். உள்ளே கண்ணீர்த் துளி போன்ற பிசின் மணிகள். கண்ணைத் திருப்பிப் பார்த்தோம். கிரேக்க தேசத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு தேசத்தின் பெயர் அதன் முதுகில் அச்சிட்டிருந்தது! பெண்ணின் முகம் வாடிவிட்டது.

"என்ன செய்வது, சார்! கப்பல் ஒரு தீவில் சில மணி நேரந்தான் நிற்கும். துறைமுகத்துக்கு எதிரில் இருக்கும் கடையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஓட வேண்டும்" என்றாள்.

பிசினின் கதை வேறு. அதை அவள் ஏதென்ஸ் நகரத்தில் தேடி வாங்கினாளாம். கீயோஸ் என்னும் தீவின் தென்பகுதிக் கிராமங்களில் மரப் பட்டையைக் கீறி, சொட்டும் பாலை உறைய வைத்துப் பொறுக்கி எடுப்பது அது. அந்தத் தொழில் முறையை 2014-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்திருக்கிறது. முகர்ந்து பார்த்ததும் நமக்குச் சிரிப்பு வந்தது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் ரூமி மஸ்தகி என்று விற்பது இதுவேயல்லவா? யவனர்கள் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து போன காலந்தொட்டு அவர்கள் சாமான் நம்மிடமும் நம் சாமான் அவர்களிடமும் புழங்கித்தான் வருகின்றன.

அன்று நாம் ஒரு பெரிய பிரசங்கம் செய்தோம். "அம்மா! ஓர் ஊரில் வாங்கும் பொருள் அந்த ஊர் மண்ணில் விளைந்து, அந்த ஊர்க் கையால் ஆனதாக இருக்க வேண்டும். செய்தவரிடமே வாங்கினால் இன்னும் விசேஷம். இதுதான் சுதேசி தர்மம்" என்றோம். பிரசங்கம் செய்வது சுலபம். நமக்கே பரீட்சை வந்தபோதுதான் சங்கடம் தெரிந்தது.

நாகப்பட்டினத்துக்கும் இலங்கையிலுள்ள காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14-ஆம் தேதி கப்பல் போக்குவரத்துத் தொடங்கியது. சில நாட்களில் நின்று போய், 2024 ஆகஸ்டில் "சிவகங்கை" என்ற கப்பலோடு மறுபடி ஆரம்பமாயிற்று. இடையிலுள்ள தூரம் சுமார் 110 கிலோமீட்டர். 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்ட கதையை வருஷந்தோறும் வகுப்பில் சொல்லுகிறோம். ஆயினும் கப்பலில் கால் வைத்ததில்லை. ஆகவே 2025 மே மாத விடுமுறையில் சகதர்மிணி சகிதமாகப் புறப்பட்டோம்.

செய்தி ஊரில் பரவியது. ஜாபிதாக்கள் வந்து குவிந்தன. ஒருவர் தேயிலை கேட்டார். நாம் போவது தேயிலை விளையாத யாழ்ப்பாணம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. இன்னொருவர் கோடாலித் தைலம் கேட்டார். அது சிங்கப்பூர்ச் சரக்கு. ஆனால் கடல் கடந்து வந்தால்தான் அதற்கு வீரியம் என்பது அவருடைய திடமான நம்பிக்கை.

யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தோம். நல்லூரில் கந்தனைத் தரிசித்தோம். 1981-ல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்து நிற்கும் நூலகத்தின் வாசலில் சிறிது நேரம் மௌனமாக நின்றோம். பிறகு கடைவீதிக்குப் போனோம். மர யானைகள், சாயம் பூசிய முகமூடிகள் எல்லாம் தெற்கிலிருந்து வந்தவை. யாழ்ப்பாணத்தின் சொந்தச் சரக்கு எது என்று விசாரித்தபோது, எல்லோரும் ஒரே திசையைக் காட்டினார்கள்: பனை!

பதநீரைக் காய்ச்சிச் சின்னஞ்சிறு ஓலைக் குட்டானில் ஊற்றி எடுத்த பனங்கட்டி. பனம்பழச் சாற்றைப் பாயில் படிப்படியாகப் பூசி வெயிலில் உலர்த்திய பனாட்டு. கிழங்கை அவித்துக் காய வைத்த புழுக்கொடியல். அவிக்காமல் காய வைத்த ஒடியல். அதை இடித்த மாவில் காய்ச்சும் கூழ். ஒரு மரத்தை வைத்துக்கொண்டு ஒரு சமையற்கட்டையே நடத்துகிறார்கள். அரசாங்கத்தில் பனைக்கென்று தனி அபிவிருத்திச் சபையே இருக்கிறது. நம் பக்கத்திலும் பனைக்குக் குறைவில்லை. ஆனால் நாம் கிழங்கை அவித்துத் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வதோடு சரி.

சந்தையின் ஒரு மூலையில் வயதான அம்மாள் ஒருத்தி ஓலைப் பெட்டிகளையும் புழுக்கொடியலையும் பரப்பியிருந்தாள். பெட்டிகள் அவள் கையால் முடைந்தவை. பக்கத்தில் ஒரு சாக்கின் மேல் கருவாடு குவிந்து கிடந்தது. நமது சுதேசி தர்மத்துக்கு இதைவிடத் தகுந்த இடம் வேறு ஏது? சகதர்மிணி பட்டினச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய கை தன்னையறியாமல் கருவாட்டுக்குப் போயிற்று. ஒன்றை எடுத்து, வயிற்றை விரலால் அமுக்கி, வாலை வளைத்து, முகர்ந்து பார்த்தாள்.

"கொல்லன் தெருவில் ஊசி விற்கவா? நம் ஊருக்குக் கருவாடு கொண்டுபோனால் சிரிப்பார்கள்" என்று காதோடு சொன்னோம். அவள் கீழே வைத்துவிட்டாள்.

"எங்கையிருந்து வாறியள்?" என்று கேட்டாள் ஆச்சி.

நாம் ஒரு கணம் தயங்கினோம். "தஞ்சாவூர்ப் பக்கம்" என்றோம்.

அது முழுப் பொய்யல்ல என்று வாதாடலாம். வகுப்பில் ஒரு மாணவன் அப்படி வாதாடினால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். தயக்கத்துக்குக் காரணம் இது. யுத்தம் நடந்த வருஷங்களில் வட இலங்கை மீனவர்கள் தங்கள் கடலில் தொழில் செய்ய முடியாமல் தடுக்கப்பட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் நம் கரையின் விசைப்படகுகள் அந்தக் கடலுக்குப் பழகிவிட்டன. 2009-ல் யுத்தம் முடிந்து, அவர்கள் சிறு படகோடும் கடன் வாங்கிய வலையோடும் கடலுக்குத் திரும்பியபோது, நம் இழுவை வலைகள் அங்கே இருந்தன. இழுவை வலை கடலின் அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு போவது. குஞ்சும் முட்டையும் அதற்கு ஒன்றுதான். இரவில் சிறு படகுக்காரன் விரித்து வைத்த வலையும் அதில் சிக்கிக் கிழிந்து போகும். இலங்கை 2017-ல் அந்த முறையைச் சட்டம் இயற்றித் தடை செய்தது.

நம் பக்கத்திலும் துயரம் உண்டு. பிடிபட்ட படகுகள் திரும்புவதில்லை. சிறைப்பட்டவர்களின் வீடுகளில் அடுப்பு எரிவதில்லை. 2025 ஜனவரியில் காரைக்கால் மீனவர்கள் சென்ற படகின் மீது அந்நாட்டுக் கடற்படை சுட்டதில் மீனவர்கள் காயமடைந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகளுக்குத்தான் நாம் பாடம் சொல்லுகிறோம். இவ்வளவையும் ஒரு சந்தை மூலையில், நான்கு கட்டுப் புழுக்கொடியல் வாங்கும் நேரத்தில், யார் பேசுவது? தஞ்சாவூர் என்றால் தலையாட்டி பொம்மை; வம்பில்லை.

ஆச்சி மறுபேச்சில்லாமல் பொட்டணம் கட்டிக் கொடுத்தாள். விலையில் ஐந்து ரூபாய் குறைக்கச் சொன்னோம், அசையவில்லை. விடுதிக்குத் திரும்பியதும் சகதர்மிணி பொட்டணத்தைப் பிரிக்காமலே வைத்துவிட்டு, "சொந்த ஊரின் பெயரைச் சொல்ல வெட்கப்படுகிறவர் வாங்கிப்போகும் சாமானை அந்த ஊரில் யாருக்குக் கொடுப்பதாம்?" என்றாள்.

இரவெல்லாம் அந்த நீலக் கண் நினைவுக்கு வந்தது. அதன் முதுகிலாவது பிறந்த தேசத்தின் பெயர் உண்மையாக எழுதியிருந்தது. நம்மிடம் அதுவும் இல்லை.

மறுநாள் காலையில் மறுபடி சந்தைக்குப் போனோம். "ஆச்சி, நேற்று ஊரை மாற்றிச் சொல்லிவிட்டோம். நாங்கள் காரைக்காலுக்குத் தெற்கே பட்டினச்சேரி. மீனவர் ஊர்" என்றோம்.

ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "அது எனக்கு நேற்றே தெரியும். தஞ்சாவூர்ப் பொம்பிளை கருவாட்டை இப்பிடியே பிடிச்சுப் பாப்பா?" என்றாள். சகதர்மிணி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு ஆச்சி தானே பேசினாள். மகன் கடல் தொழில் செய்கிறானாம். "இப்ப உங்கட படகுகள் வாறேல்லை. அதாலதான் என்ர பெடியன் பயமில்லாமல் வலை விடுறான். அங்கை குவிஞ்சு கிடக்கிற கருவாடும் அவன் பிடிச்சதுதான்" என்றாள். வாஸ்தவந்தான். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நம் கடலில் மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று படகுகளைக் கட்டி வைக்கும் நாட்கள், அந்த அம்மாளின் வீட்டில் நிம்மதியான நாட்களாகவும் இருக்கின்றன. இத்தனை வருஷமாகத் தடைக்காலத்தின் கணக்கை நமது வீட்டுப் பக்கத்திலிருந்தே பார்த்து வந்திருக்கிறோம்.

"நீங்கள் என்ன வேலை?"

"வாத்தியார்."

"அப்ப நல்லது, மாஸ்டர்" என்று சொல்லி, மூடியுள்ள சிறிய ஓலைப் பெட்டி ஒன்றை எடுத்து, அது நிறையப் புழுக்கொடியலைப் போட்டாள். "இதுக்குக் காசு வேண்டாம். உங்கட பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் குடுங்கோ. மடி இழுக்கேக்கை என்ர பிள்ளையின்ர வலையும் அதுக்குள்ள வருதெண்டு சொல்லுங்கோ. கோபமாச் சொல்ல வேண்டாம், சும்மா சொல்லுங்கோ."

நேற்று ஐந்து ரூபாய் குறைக்காத கை அது. நாம் வாயடைத்து நின்றோம். சகதர்மிணி தன் பையிலிருந்து, நடு வழியில் யாருக்காவது உதவும் என்று கொண்டு வந்திருந்த தலையாட்டி பொம்மையை எடுத்து, "பேரப்பிள்ளைக்கு" என்று நீட்டினாள். "பாத்தியளே, தஞ்சாவூரும் பொய்யில்லை!" என்று ஆச்சி சிரித்துவிட்டாள்.

ஊர் திரும்பினோம். கையில் பை இருந்தபடியால் எல்லோரும் சௌக்கியம் விசாரித்தார்கள். தேயிலைக்காரருக்கும் தைலக்காரருக்கும் பனங்கட்டி கொடுத்துச் சமாளித்தோம். பள்ளிக்கூடம் திறந்ததும் ஓலைப் பெட்டியை மேஜை மேல் வைத்து, அது வந்த கதையைச் சொன்னோம். ஆச்சி சொன்ன வாக்கியத்தையும், அவள் சொன்னபடியே கோபமில்லாமல் சொன்னோம். நாம் ஊரை மாற்றிச் சொன்னதையும் மறைக்கவில்லை. வகுப்பில் சத்தமில்லை. பாதிப் பேருடைய தகப்பனார்கள் தடைக்காலம் முடியக் காத்திருந்தார்கள். இன்னும் சில நாட்கள்தான் பாக்கி.

கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். அவனுடைய தந்தை விசைப்படகில் போகிறவர். ஒரு முறை இலங்கைச் சிறையிலும் இருந்து வந்தவர். அவன் ஏதாவது எதிர்த்துப் பேசுவான் என்று எதிர்பார்த்தோம்.

"அந்த ஆச்சி மகனோட வலை என்ன விலை, சார்?" என்று கேட்டான்.

இருபது வருஷங்களாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் நமக்கு விடை தெரியவில்லை. "கேட்டுக்கொண்டு வரவில்லையப்பா" என்றோம்.

பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தோம். அந்தப் பையன் தன் பங்கைக் கடிக்காமல் வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னொண்ணு கொடுங்க, சார். அப்பாவுக்கு."

கொடுத்தோம். அவன் அதைச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தான்.