கேரவன் சூப்பர்தான்... ஆர்.சி. என்ன சொல்லுது?

புதுச்சேரி என்றதும் கடற்கரைச் சாலையும் மஞ்சள் சுவர் பிரெஞ்சு வீடுகளும்தான் நினைவுக்கு வரும். மேட்டுப்பாளையத்துக்கு அந்த முகம் கிடையாது. லாரி முனையம், பிப்டிக் தொழிற்பேட்டை, வெல்டிங் பொறி, டீசல் வாசனை. செல்ஃபி எடுக்க யாரும் வருவதில்லை. வண்டி பார்க்க வருகிறார்கள்.

விழுப்புரத்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியரும் மனைவியும் பார்க்க வந்தது ஒரு கேரவன். நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் சொகுசு பஸ் அல்ல. டெம்போ வேனுக்குள் கட்டிலும், குட்டி அடுப்பும், கழிப்பறையும் வைத்தது. ராமேஸ்வரம் தொடங்கி காசி வரை போக வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை. பணம், சார் ஓய்வுபெற்றபோது கைக்கு வந்தது.

“ஏங்க, மெத்தை நல்லாருக்கு” என்றார் அம்மா. கூட வந்த மெக்கானிக் சிரித்தார். “மெத்தை இருக்கட்டும்மா. மொதல்ல சேஸிஸ் நம்பரைப் பார்ப்போம்.”

சட்டத்தில் பொறித்த எண் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து, ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். சரியாக இருந்தது. இன்ஜின் எண்ணும் சரி. அடுத்து எம்-பரிவாகன் செயலி. அதில் உரிமையாளர் பெயர் பாதி நட்சத்திரக் குறிகளாகத்தான் தெரியும். ஆனால் இன்ஷூரன்ஸ், தகுதிச் சான்று, கடன் கொடுத்த நிறுவனம் எல்லாம் தெரிந்துவிடும். திருட்டு வண்டியா என்று பார்க்க தேசிய குற்ற ஆவணக் காப்பகமே இணையத்தில் வசதி வைத்திருக்கிறது. அதிலும் புகார் இல்லை.

சிக்கல் ஆர்.சி.யில். பெயர் விற்பவருடையது இல்லை, காலமான அவருடைய அப்பாவுடையது. “நான் கையெழுத்துப் போடறேன் சார், ஒண்ணும் ஆகாது” என்றார் மகன். ஆகும். இறப்புச் சான்று, வாரிசு ஆவணங்களுடன் படிவம் 31 கொடுத்து முதலில் அவர் பெயருக்கு மாற வேண்டும். அதன் பிறகுதான் விற்பனைக்கான 29, 30 படிவங்கள். கடன் பதிவும் அப்படியே இருந்தது. கட்டி முடித்திருந்தாலும், படிவம் 35 போட்டு அதை நீக்கினால்தான் ஆயிற்று.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் விற்றவருக்கும் நிம்மதி இல்லை. பல கை மாறிய ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வெளி மாநிலத்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் இங்கே போலி முகவரியில் சொகுசுக் கார்களைப் பதிவு செய்ததாக 2017-ல் கேரளத்தில் பெரிய சர்ச்சையே எழுந்தது. பி.ஒய். எண் வண்டியை வாங்கி 12 மாதத்துக்கு மேல் விழுப்புரத்தில் வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். அதற்கு இங்கிருந்து படிவம் 28 எனும் தடையில்லாச் சான்று, அங்கே வரி. பேரம் பேசும்போது இந்தத் தொகையை யாரும் கூட்டுவதில்லை!

கடைசியாக மெக்கானிக் காட்டியது, பாடி வகை. ஆர்.சி.யில் அது இன்னும் பயணிகள் வேன்தான். கட்டிலும் அடுப்பும் யாருடைய அனுமதியோடு வந்தன? மகனுக்குத் தெரியவில்லை. நிறுவனம் தயாரித்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பதும் இதைத்தான்.

அட்வான்ஸுக்காக எடுத்த கவரை சார் மறுபடி பைக்குள் வைத்தார். “பேப்பரை முடிச்சுட்டு கூப்பிடுங்க தம்பி, வர்றோம்.”

அம்மா மட்டும் வேனுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.