பெட்டிக்குள் இருக்கும் தமிழ்

உயில் என்னும் சொல்லை நம் இல்லங்களில் உரக்கச் சொல்லுவதில்லை. நாளும் கிழமையுமாக அந்தப் பேச்சு எதற்கு என்று வீட்டுப் பெண்டிர் வாயை அடைத்துவிடுவர். சொல்லே நம்முடையதன்று, ஆங்கிலேயரின் நீதிமன்றங்களோடு வந்த ‘வில்’ தமிழர் நாவில் உயிலாயிற்று. உயிர் என்பதோடு ஒலி ஒத்திருப்பதாலோ என்னவோ, அதை எழுதினால் உயிர் போய்விடும் என்றோர் அச்சம் நம்மவர்க்கு. ஆயினும் தலைநகரில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டு, ஊரிலும் ஒரு வீட்டை வைத்துக்கொண்டிருக்கும் என் போன்றோர் அந்தச் சொல்லைத் தவிர்க்க இயலாது.

1960களிலும் 70களிலும் மத்திய அரசுப் பணியேற்றுத் தில்லிக்கு வந்த தலைமுறை நாங்கள். கரோல்பாகில் ஓர் அறையில் நால்வராக இருந்து, ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் பிள்ளைகளை வளர்த்து, ஓய்வுபெறும் தறுவாயில் மயூர் விஹாரில் கூட்டுறவுச் சங்க அடுக்ககத்தில் ஒரு வீட்டுக்கு உரியவரானோம். இவ்வீட்டின் தாள்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஊர் வீட்டின் பட்டா, வரி ரசீது, பத்திரம் யாவும் தமிழில். பிள்ளைகளோ, தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் பயின்றோர் நீங்கலாக, தமிழைப் பேசுவர்; படிக்க அறியார்.

எங்கள் அடுக்ககத்து நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்த மறுதினம் அவர் மகன் ஒரு தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு என்னிடம் வந்தான். “மாமா, இதிலே என்ன இருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கோ” என்றான். நில வரி ரசீதுகள் ஆண்டு வாரியாக நூலால் கட்டப்பட்டிருந்தன. 1974ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தது. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் உள்ள வீடு நண்பரின் பங்குக்கு வந்திருந்தது. அடியில் நீலநிற இன்லண்டுக் கடிதம் ஒன்று. இளவயதில் கணவரை இழந்து பிறந்தகம் திரும்பிய அவருடைய அக்காள் எழுதியது. நீ வாக்களித்தபடி என் காலம் வரை இந்த வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருப்பேன், பிறகு உன் குழந்தைகளுக்கு ஆகட்டும் என்பது அதன் சாரம்.

படித்து முடித்தபோது பையன் முகம் வெளுத்துவிட்டது. அந்த வீட்டை விற்பதற்கு அவன் முன்பணம் வாங்கியிருந்தான். அத்தையை ஏதேனும் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்பது அவன் எண்ணம். “அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மாமா” என்றான். தமையன்-தமக்கை வாக்குறுதி முப்பது ஆண்டுகள் அந்தப் பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. அதைக் காத்தவரும் அவரே, மறைத்தவரும் அவரே.

சட்டம் அந்த அம்மையாருக்குத் துணை நிற்காது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்த ஆடவரின் உடைமை மனைவி, மகன், மகள், தாயார் உயிருடன் இருப்பின் தாயார் ஆகியோருக்குச் சம பங்காகச் சேரும். உடன்பிறந்தாள் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தவள். முதல் வகுப்பில் ஒருவர் இருக்கும்வரை அவளுக்கு ஒன்றுமில்லை. இன்லண்டுக் கடிதம் பத்திரம் ஆகாது. நம் பத்திர எழுத்தர்கள் ‘ஆயுள் பரியந்தம் அனுபவித்து’ என்றோர் அழகிய தொடர் வைத்திருக்கிறார்கள். அந்தத் தொடர் அடங்கிய இரண்டு வரி உயில் போதுமாயிருந்தது. வெள்ளைத்தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டா, சாட்சிகள் இருவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பதிவு கட்டாயமன்று, செய்துவைத்தால் நலம். சாட்சிகள் மட்டும் நம்மினும் இளையவராதல் வேண்டும். வழக்கென்று வந்தால் அவர்களில் ஒருவரேனும் நீதிமன்றம் வர நேரும். காலை நடைத் தோழர்களான எண்பது வயதுக் கிழவர்கள் அதற்கு உதவார்.

பையன் நல்லவன். தாயும் தங்கையும் இசைய, கைப்பணமும் சேர்த்துக் கொடுத்து ஒப்பந்தத்தை விலக்கிக்கொண்டான். அத்தைக்கு இன்றளவும் இது தெரியாது. எல்லா வீடுகளிலும் பிள்ளைகள் இப்படி அமைவரோ?

வங்கியில் நாமினி எழுதியாயிற்று, இனிக் கவலையில்லை என்பார் பலர். 2025 நவம்பர் முதல் நால்வரைக்கூட எழுதலாம். ஆனால் நாமினியின் கைக்குப் பணம் வந்து சேரும் என்பதே அதன் பொருள். பணம் அவருக்கே உரியது என்பதன்று. பங்குப் பத்திரங்களுக்கும் அவ்வாறே என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவாக்கியிருக்கிறது.

நானும் என் மனைவியும் உயில் எழுதினோம். கூடவே மற்றொரு தாளும் எழுதினோம். பிழைக்க வழியில்லாத நிலையில் கருவிகளைக் கொண்டு உயிரை நீட்டிக்க வேண்டா என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. 2023இல் முறையை எளிதாக்கி, இரு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றது. உயிலைப் படித்தபோது அமைதியாக இருந்த மகன், இத்தாளைப் படித்தபோது எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். மகள்தான் வாதாடினாள். “எங்களுக்காகக் கொஞ்ச நாள் பொறுத்துக்கக்கூடாதா அப்பா?” என்று கேட்டாள். அதற்கு என்னிடம் விடை இல்லை. அவளம்மா சொன்னாள்: “அந்தக் கொஞ்ச நாள் எத்தனைன்னு நீதான் சொல்லணும்னு உன் பேரைப் போட்டிருக்கோம்.” நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு அவள் தன் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாள்.

உயிலை எம்மொழியிலும் எழுதலாம். நான் ஆங்கிலத்தில் எழுதி, ஊர்ச் சொத்தின் விவரத்தை மட்டும் பத்திரத்தில் உள்ளபடியே தமிழில் சேர்த்தேன். ஞாயிறுதோறும் மகள் வந்து அதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். சர்வே எண்ணைக் கடந்து இப்போது நான்கெல்லைக்கு வந்திருக்கிறாள். வடக்கே வாய்க்கால், மேற்கே புளியமரம் என்பது வரையில் ஆயிற்று. அந்தப் புளியமரம் இன்னும் இருக்கிறதா என்று சென்ற வாரம் கேட்டாள். தை மாதம் இருவருமாகப் போய்ப் பார்த்துவர ரயிலுக்குச் சீட்டு வாங்கியிருக்கிறோம்.