கேம் ஸோனில் ஒரு பிற்பகல்

நோன்புப் பெருநாள் முடிந்து மக்தப் மறுபடி தொடங்கும்போது, பெற்றோர் சிலர் ஆண்டுதோறும் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஹஜ்ரத், சென்னைக்குப் போனால் பிள்ளைகள் கேம் ஸோனுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். கூட்டிப்போகலாமா?" மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோயிலைத் தவிர வெளியூரார் தேடிவரும் இடம் வேறெதுவும் இல்லாத தளவானூரில் இருந்துகொண்டு, கண்ணால் காணாத ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆகவே இவ்வாண்டு பெருநாள் விடுமுறையில் பிள்ளைகள் இருவரோடும் நாங்களே புறப்பட்டோம். செஞ்சியிலிருந்து திண்டிவனம், அங்கிருந்து சென்னை.

பெரியதொரு வணிக வளாகத்தின் மேல்தளம் அது. உள்ளே நுழைந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு ஓர் அட்டையைத் தருகிறார்கள். அதன்பின் எந்த ஆட்டத்துக்கும் அட்டையைத் தேய்த்தால் போதும். ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டும்போது கை கொஞ்சமேனும் தயங்கும். அட்டையைத் தேய்க்கும்போது அந்தத் தயக்கம் வருவதில்லை. பெற்றோர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்று எங்களுக்குத் தோன்றியது.

மகன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஏறிக்கொண்டான். கூடைப்பந்து எறிவதில் வீட்டம்மாவே எல்லோரையும் விட அதிகப் புள்ளிகள் எடுத்தார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள், முதல் முறை அன்னையே வென்றார்கள் என்ற செய்தியை மக்தபில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அன்று அதைச் சொல்லும் உரிமை வீட்டம்மாவுக்குக் கிடைத்தது.

ஒரு மூலையில் பின்பால் இயந்திரம் ஒன்று ஆளின்றி நின்றது. சிறுவயதில் ஆணி அடித்த பலகையில் இரும்புக் குண்டைத் தெறிக்கவிட்டு விளையாடியவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. அதே பலகைதான், கண்ணாடியும் விளக்கும் சேர்ந்திருக்கிறது. ஆனால் இந்த இயந்திரத்துக்கு ஒரு வழக்கு வரலாறு இருக்கிறது. 1942இல் நியூயார்க் மேயர் லா கார்டியா இதைச் சூதாட்டக் கருவி என்று கூறித் தடைசெய்து, சம்மட்டியால் உடைக்கவும் செய்தார். அன்றைய இயந்திரத்தில், குண்டைத் திருப்பி உதைக்கும் துடுப்புகள் கிடையாது. குண்டை விட்டபின் ஆடுபவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. துடுப்புகள் 1947இல்தான் வந்தன. அதன் பிறகும் தடை நீடித்தது. 1976இல் ராஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் நகரமன்றக் குழுவின் முன் ஆடிக்காட்டினார். அடுத்த குண்டு நடுவழியில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு விசையை இழுத்தார், சொன்னபடியே இறங்கியது. இது திறமை என்று ஏற்றுத் தடையை நீக்கினார்கள்.

நம் நாட்டு நீதிமன்றங்களும் நெடுங்காலம் இதே கேள்வியைத்தான் கேட்டு வந்தன: திறமையா, அதிர்ஷ்டமா? ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது என்று 1967இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2022இல் கொண்டுவந்த சட்டத்திலிருந்து ரம்மியும் போக்கரும் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தப்பித்ததும் அந்த அளவுகோலால்தான்.

மார்க்கம் கேட்கும் கேள்வி வேறு. ஆடுபவர் கெட்டிக்காரரா என்பதன்று. ஆட்டத்தின் முடிவால் ஒருவர் பணயம் வைத்த பணம் பறிபோய் மற்றவருக்கு ஆதாயமாகிறதா என்பதே. அம்பெய்தலிலும் குதிரை, ஒட்டகப் பந்தயங்களிலும் பரிசை அனுமதித்த அதே மார்க்கத்தில், இரு போட்டியாளரும் பணம் கட்டி வென்றவர் அள்ளிக்கொள்வதை ஃபிக்ஹு அறிஞர்கள் சூது என்றே வகுத்தார்கள், ஆடுபவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும். 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய ஆட்டம் எதுவாயினும் தடை என்கிறது. சட்டம் இவ்விடத்துக்கு வந்து சேர இத்தனை காலமும், இத்தனை குடும்பங்களின் கண்ணீரும் தேவைப்பட்டிருக்கின்றன.

இதை ஏட்டில் படித்தபோது உறைக்காத ஒன்று, பொம்மை பிடிக்கும் இயந்திரத்தின் முன் உறைத்தது. மகள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். இரும்புக் கை இறங்கும், கரடி பொம்மையைத் தொடும், தூக்கும், பாதியில் நழுவவிடும். அந்தப் பிடியின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் இத்தகைய இயந்திரங்கள் பலவற்றில் உரிமையாளருக்கு வசதி உண்டு. ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? நான்காவது முறையும் நழுவியபோது அவள் சொன்னாள்: "அத்தா, இன்னும் ஒரே ஒரு தடவை. இந்தத் தடவை கட்டாயம் வந்துடும்."

எங்களிடம் ஓதிய மாணவர் ஒருவரின் அண்ணன் இணைய ரம்மியில் வண்டியையும் தாயாரின் தோட்டையும் இழந்துவிட்டு எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தபோது, சொல் மாறாமல் இதையேதான் சொன்னார். அவருக்கு வயது இருபத்தாறு.

அவளை அழைத்து உட்காரவைத்து ஒன்று மட்டும் கேட்டோம். "அண்ணன் ஓட்டுகிற பைக்கில் பரிசே கிடையாது. இருந்தும் ஓட்டுகிறான், ஏன்?" "ஓட்டுறதே ஜாலியா இருக்கே." "இந்தக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து பொம்மைகளை எல்லாம் எடுத்துவிட்டால் யாராவது காசு போடுவார்களா?" சற்று யோசித்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தாள். பைக்குக்குக் கொடுப்பது வாடகை. பெட்டிக்குக் கொடுப்பது பணயம். கூடைப்பந்தில் புள்ளிக்கேற்பச் சீட்டுகள் வந்து விழுந்தன, அவற்றைக் கொடுத்துப் பொருள் வாங்கலாம். அது இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆட்டத்துக்காகவே ஆடினோம் என்பதால் சீட்டுகளை அங்கேயே விட்டுவந்தோம். மகனுக்கு இதில் உடன்பாடில்லை, இன்றுவரை.

அந்தக் கூடத்தில் சன்னல் இல்லை, சுவர்க்கடிகாரமும் எங்கள் கண்ணில் படவில்லை. கைப்பேசியில் பாங்கு ஒலித்த பிறகுதான் அஸர் வேளை வந்ததே தெரிந்தது. அல்மாயிதா அத்தியாயத்தின் 91ஆம் வசனம், சூதின் கேடுகளில் ஒன்றாகத் தொழுகையை மறக்கடிப்பதையும் சொல்வது நினைவுக்கு வந்தது. அட்டையில் மிச்சமிருந்த பணத்தை அப்படியே விட்டுவிட்டு அருகிலிருந்த பள்ளிவாசலுக்கு நடந்தோம்.

திரும்பும் பேருந்தில் மகள் கேட்டாள்: "அப்போ, செஞ்சிப் பொருட்காட்சியில வளையம் எறிஞ்சு மாமா பிளாஸ்டிக் குடம் ஜெயிச்சாங்களே, அது?"

"அதுவும் இதே கணக்குத்தான்" என்றோம்.

"மாமாகிட்ட நீங்களே சொல்லிடுங்க அத்தா" என்றாள்.