பொதி சுமக்கும் கரடி

போர் செய்கின்றவனுக்குக் கேடயம் வேண்டும். போர்க்களமே காணாத ஆயருக்குக் கேடயம் எதற்கு? வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில் என் மனத்தில் நெடுநாள் கிடந்த கேள்வி இது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயராகிறவர் தமக்கென ஓர் இலச்சினை அமைத்துக்கொள்வது மரபு. அதன் நடுவில் இருப்பது கேடயந்தான். நான் அச்சமயத்தைச் சார்ந்தவன் அல்லன். ஆயினும் அந்தச் சின்னங்களைப் படிக்கப் படிக்க, அவை மனிதனைப் பற்றியே பேசுகின்றன என்பதைக் கண்டேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், இரும்புக் கவசத்துள் முகம் மறைந்த வீரனை அடையாளம் காட்டியது அவன் கேடயத்தில் தீட்டிய உருவமே என்பர். அவ்வழக்கத்தைத் திருச்சபைத் தலைவர்களும் தம் முத்திரைகளில் மேற்கொண்டனர். ஆனால் வீரனின் தலைக்கவசம் இருக்க வேண்டிய இடத்தில் அகன்ற விளிம்புத் தொப்பி ஒன்றை வைத்தனர். ஆயருக்குப் பச்சைத் தொப்பி, பக்கத்துக்கு 6 குஞ்சங்கள். பேராயருக்கும் பச்சைதான்; ஆனால் குஞ்சங்கள் பக்கத்துக்கு 10. கர்தினாலுக்குச் சிவப்புத் தொப்பி, பக்கத்துக்கு 15 குஞ்சங்கள். கேடயத்தின் பின்னே சிலுவை நிற்கும். கீழே விருதுவாக்கு ஓடும். தொப்பியும் குஞ்சமும் பதவி தருபவை. கேடயத்துக்குள் எது இடம்பெற வேண்டும் என்பதில்தான் மனிதரின் உள்ளம் வெளிப்படுகிறது.

சான்றாக ஒன்றைப் பார்ப்போம். 1977ஆம் ஆண்டு ஜெர்மனியில் மியூனிக்-ஃப்ரைசிங் பேராயராக ஜோசப் ராட்சிங்கர் பொறுப்பேற்றார். பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட் என்ற பெயரில் பாப்பரசரானவர் இவரே. அவர் கேடயத்தில் மூன்று உருவங்கள். முதலாவது, முடிசூடிய கறுப்பின மனிதரின் தலை. அது ஃப்ரைசிங் ஆயர்களின் பழஞ்சின்னம். இனவேற்றுமை பாராத திருச்சபையின் அடையாளமாக அதை அவர் கொண்டார். இரண்டாவது, சிப்பி. கடல்நீரைச் சிப்பியால் மொண்டு மணற்குழியில் ஊற்றிக்கொண்டிருந்தான் ஒரு சிறுவன். அவனைக் கண்ட புனித அகுஸ்தீன், இறைவனை அறிவால் அளக்க முயலும் தம் முயற்சியும் அத்தகையதே என உணர்ந்தார் என்பது கதை. 1953இல் அகுஸ்தீனை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர், தம் கல்வியின் எல்லையைத் தாமே கேடயத்தில் எழுதிக்கொண்டார்!

மூன்றாவதுதான் என் நெஞ்சைத் தொட்டது. அது முதுகில் பொதியோடு நிற்கும் கரடி. எட்டாம் நூற்றாண்டில் புனித கோர்பினியன் உரோமைக்குப் பயணம் செய்தபோது, அவருடைய பொதிக் குதிரையைக் கரடி ஒன்று கொன்றுவிட்டது. அவர் அந்தப் பொதியைக் கரடியின் முதுகிலேயே ஏற்றினார். உரோமையை அடைந்ததும் அதை அவிழ்த்துவிட்டார். இது ஃப்ரைசிங் நகரத்துப் பழங்கதை.

ராட்சிங்கர் தம் தன்வரலாற்றின் முடிவில் இந்தக் கரடியோடு தம்மை ஒப்பிடுகிறார். 1981இல் திருச்சபைக் கோட்பாட்டுத் துறையின் தலைவராக நியமனம் பெற்று அவரும் உரோமைக்குப் போக நேர்ந்தது. கரடிக்கு அங்கே விடுதலை கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. ஓய்வு கேட்டும் பயனில்லை. 2005இல் இன்னும் பெரிய பொதி முதுகில் ஏறியது. அப்போது தம் இலச்சினையிலிருந்து பாப்பரசர்களின் மூவடுக்கு மகுடத்தை நீக்கிவிட்டு, ஆயருக்குரிய முடியை வைத்தார். கரடியை நீக்கவில்லை.

2013 பிப்ரவரி 11 அன்று, தம் வலிமை குன்றிவிட்டதென்று கூறி அவர் பதவி விலகலை அறிவித்தார். அப்போது அவருக்கு 85 வயது. 1415க்குப் பிறகு பதவி துறந்த முதல் பாப்பரசர் அவரே. பொதியை இறக்கியது சின்னத்துக்குச் செய்த துரோகமா? என் தாத்தா காய்கறிக் கூடையைத் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டு போனவர். வழியில் சுமைதாங்கிக் கல்லில் கூடையை இறக்கி வைப்பதுண்டு என்பார். தலையின் வலுவை அறிந்து இறக்கி வைக்கிறவன் கையில்தான் சரக்கு சிதறாமல் சந்தைக்குச் சேரும். அதனால் அவர் விலகலை நான் குறையாக நினைக்கவில்லை.

ஆனால் இலச்சினையில் விருதுவாக்கும் இருக்கிறதே! ‘உண்மையின் உடனுழைப்பாளர்’ என்பது அவர் தேர்ந்த வாக்கு. 2022 ஜனவரியில், சிறார்மீது குருக்கள் இழைத்த பாலியல் கொடுமைகள் பற்றி மியூனிக்கில் ஓர் ஆய்வறிக்கை வெளியாயிற்று. பேராயராக இருந்தபோது நான்கு நிகழ்வுகளில் அவர் உரியவாறு செயற்படவில்லை என்று அது குற்றஞ்சாட்டியது. அவர் அதை மறுத்தார். ஆயினும் 1980ஆம் ஆண்டுக் கூட்டம் ஒன்றில் தாம் கலந்துகொள்ளவில்லை என ஆய்வாளருக்கு அளித்த கூற்று பிழையானது என ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பாதிக்கப்பட்டோரிடம் மன்னிப்பும் வேண்டினார். அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று மறைந்தார். உண்மை என்ற சொல்லைத் தம் பெயருக்குக் கீழே எழுதியவரை, உலகம் அந்தச் சொல்லைக் கொண்டே அளந்தது. அளந்தது முறைதான் என்பேன்.

என் பழைய கேள்விக்கு விடை இங்கே கிடைத்தது. வீரனின் கேடயம் அவனை மறைத்துக் காத்தது. ஆயரின் கேடயம் அவரை மறைப்பதில்லை, ஊரார்முன் நிறுத்துகிறது. இன்னதற்காக வாழ்வேன் என்று அவர் எழுதிக் கொடுத்த கடன்பத்திரம் அது. அதைக் காட்டிக் கணக்குக் கேட்கும் உரிமை எளியவனுக்கும் உண்டு.

நண்பர்களே, பட்டம் பெற்றுப் பதவிகளுக்குச் செல்லவிருக்கிறோம். குஞ்சங்களைப் பதவி தரும். அவற்றுக்காக நாம் வருந்த வேண்டா. எந்தச் சொல்லைக் கொண்டு பிறர் நம்மைக் கேள்வி கேட்டால் தலைகுனியாமல் நிற்போமோ, அந்தச் சொல்லை இப்போதே தேர்ந்துகொள்வோம்.