‘லோ’வில் ஒரு பெயர்

குழந்தை பிறந்த வீட்டில் தொட்டில் தேடுவது எளிது. பெயர் தேடுவதுதான் பெரும்பாடு. அயலில் ஓர் ஆசிரியர் குடியிருந்துவிட்டாலோ, அப்பாட்டிற் பாதி அவர் தலையில் வந்து விழும். இருபது ஆண்டுகளாக மலைநாட்டில் ஆசிரியத் தொழில் புரியும் எமக்கு இது பழகிப்போன ஒன்று.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹட்டனில் மழை விட்டும் பனிமூட்டம் விலகாத காலை. எம் பழைய மாணவி ஒருத்தி, முப்பத்தொரு நாள் நிரம்பிய தன் பெண்குழந்தையுடன் எம் இல்லம் வந்தாள். துணைக்கு வந்தவர் அவள் தாயார். அருகிலுள்ள தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மையார்.

குழந்தைக்குப் பரணி நட்சத்திரம், நான்காம் பாதம். பஞ்சாங்கப்படி ‘லோ’ என்னும் எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும். நாட்டுச் சட்டப்படியோ 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். எஞ்சியிருந்தவை பதினொரு நாட்கள்.

“லோகேஸ்வரி, லோகநாயகி என்று எத்தனை நல்ல பெயர்கள்!” என்றோம்.

“அவையெல்லாம் பழைய காலத்துப் பெயர்கள், சேர்” என்று சொல்லி, மாணவி ஓர் அச்சிட்ட தாளை நீட்டினாள். ஸ்பானிய மொழியிலும் இலத்தீன் மொழியிலும் வழங்கும் பெண்பெயர்களின் பட்டியல் அது. ‘லோலா’ என்ற பெயரின் கீழே சிவப்பு மையினாற் கோடிட்டிருந்தாள். பொருள் ‘அழகி’ என்று அத்தாள் கூறிற்று.

எமக்குள் உறங்கிய ஆசிரியர் விழித்துக்கொண்டார். பட்டியலில் இருந்த மற்றப் பெயர்களின் பொருளை முதலில் விளக்கலானோம். ஸ்டெல்லா என்றால் இலத்தீனில் விண்மீன். எங்கள் ‘தாரா’வும் அதுவும் ஒரே வேர்ச்சொல்லின் பேத்திகள் என்பர் மொழிநூலார். ரெஜினா, அரசி. கிளாரா, தெளிந்த ஒளியுடையவள். சில்வியா, கானகத்தைச் சேர்ந்தவள். மெர்சிடிஸ் என்பது ஸ்பானிய மொழியில் ‘இரக்கங்கள்’. எமில் ஜெலினெக் என்னும் வணிகர் தம் மகளின் பெயராகிய அதனை 1901ஆம் ஆண்டில் ஜெர்மனியில் உருவான ஒரு மோட்டார் வண்டிக்குச் சூட்டச் செய்தார். இன்று அப்பெயரைக் கேட்டவுடன் இரக்கம் எவர் நினைவுக்கும் வருவதில்லை, வண்டியின் விலைதான் வருகிறது.

தாயும் மகளும் சிரித்தார்கள். அந்த மட்டில் நாம் நிறுத்தியிருக்கலாம்.

“ஆனால் லோலா என்பதற்கு அழகி என்று பொருளில்லை. அது ‘டொலோரெஸ்’ என்பதன் செல்லச் சுருக்கம். டொலோரெஸ் என்றால் துயரங்கள்” என்றோம்.

மாணவியின் முகம் வாடிற்று. அவள் கை தானாகவே குழந்தையின் நெற்றியைத் தடவியது. அந்த முகத்தைக் கண்டதும், பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு முகத்தை நாம் வாடச் செய்தது நினைவில் வந்து குத்தியது.

நாம் கற்பிக்கத் தொடங்கிய முதலாம் ஆண்டு. வகுப்பில் வரவுப் பதிவேட்டை வாசிக்கையில் ‘வியாகுலமேரி’ என்றொரு பெயர் வந்தது. “வியாகுலம் என்றால் துயரம் அல்லவா? பெற்ற பிள்ளைக்கு யாராவது துயரம் என்று பெயர் வைப்பார்களா?” என்று கேட்டோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்தப் பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வாண்டு முடியும்வரை, பெயரை வாசித்தால் கையை உயர்த்துவாளேயன்றி வாய் திறந்து விடை சொன்னதில்லை.

பின்னரே நாம் அறிந்துகொண்டோம். மகனைச் சிலுவையிற் பறிகொடுத்த தாயின் துயரங்களைக் கத்தோலிக்கர் வியாகுல மாதா என்று போற்றி, செப்டெம்பர் 15ஆம் தேதி திருநாள் கொண்டாடுகிறார்கள். ஸ்பானியர் அத்தாயின் நினைவாக ‘துயரங்களின் மரியாள்’ என்று பெண்ணுக்குப் பெயரிட்டு, டொலோரெஸ் என்று சுருக்கி அழைத்தனர். அதே பெயரே தமிழில் வியாகுலமேரி. இது மட்டுமா? ஸ்பானியரின் ‘சலூத்’ எங்கள் ஆரோக்கியமேரி. ‘சொகோரோ’ எங்கள் சகாயமேரி. ‘கொன்செப்சியோன்’ எங்கள் அமலோற்பவம். கடல் கடந்து தேடும் பெயர்கள் நல்ல தமிழுடுத்தி அடுத்த காம்பிராவிலேயே வாழ்கின்றன. நாம்தாம் அவற்றின் பொருளை ஒருநாளும் கேட்டறிந்ததில்லை.

இவை அனைத்தையும் மாணவியிடம் மறைக்காமற் கூறினோம். அவள் சிறிது தெளிந்தாளெனினும், “துயரம் என்று தெரிந்தபின் எப்படி வைப்பது, சேர்?” என்று தாளை மடித்தாள்.

அதுவரை வாய் திறவாதிருந்த தாயார், “பெயர் என்ன என்றீர்கள், ஐயா?” என்று கேட்டார்.

“லோலா.”

“லோலாக்கா?”

அந்த ஒரு சொல்லில் எம் ஸ்பானியப் புலமை முழுவதும் அடங்கிப்போயிற்று. காதணியில் அசைந்து தொங்கும் லோலாக்கு! வடமொழியில் ‘லோல’ என்றால் அசைவது.

தாயார் மெல்லச் சொன்னார்: “என் கல்யாணத்துக்கு அப்பா போட்டது ஒரு ஜோடி லோலாக்குத்தான், ஐயா. இவளை உயர்தரம் படிக்க வைக்க அதை அடகு வைத்தேன். மீட்க முடியவில்லை, மூழ்கிப்போயிற்று.”

மாணவி திகைத்துத் தாயை நோக்கினாள். “அது தொலைந்துபோயிற்று என்றல்லவா சொன்னீர்கள், அம்மா?”

“படிக்கிற பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது?” என்றார் தாயார், பிறகு எம் பக்கம் திரும்பி, “அந்தப் பெயரை எழுத்துப் பிழை வராமல் எழுத முடியுமா, ஐயா? என் பெயர் செக்ரோலில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி. வேலையை விட்டபிறகு சேமலாப நிதியை எடுக்க எட்டு மாதம் நடந்தேன்” என்றார்.

ஈரெழுத்துப் பெயர். தமிழில் எழுதினாலும் சிங்களத்தில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் பிழைக்க இடமில்லை. மூன்று மொழிகளிலும் தெளிவாக எழுதிக் கொடுத்தோம். மாணவி அத்தாளைத் தாயின் கையில் கொடுத்து, “நீங்களே கூப்பிடுங்கள், அம்மா” என்றாள்.

கிழவியார் குழந்தையை வாங்கி, அதன் காதோரம் குனிந்து மும்முறை அழைத்தார். அப்பெயரில் ஒரு தாயின் துயரம் இருக்கிறது என்று ஸ்பானியர் சொன்னது பொய்யன்று. அத்துயரம் இன்னதென்று அறிந்தபின், அதைச் சூட்டிக்கொள்ள அக்குடும்பம் அஞ்சவில்லை.

பிள்ளைக்குப் பெயர் தேடும் அன்பர்களே, எந்நாட்டுப் பெயரையும் தாராளமாகச் சூட்டுங்கள். ஆனால் பட்டியலைப் புரட்டுமுன் வீட்டில் இருக்கும் முதியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வகுப்பில் வியாகுலமேரி இருந்தால், ஆசிரியர்களே, நீங்களும் கேளுங்கள். எம்மைப் போலன்றிச் சற்று மெதுவாக.