முன்நடத்தை விசாரணை

பொன்னமராவதி வட்டாரத்தில் தனிப்பிரிவுக் காவலனாக நெடுங்காலம் இருந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வுபெற்றவன் நான். துப்புத் துலக்குவதைப் பற்றியும் கலவரங்களை அடக்குவதைப் பற்றியும் எழுதுவோர் பலர் உண்டு. வெளியார் கண்ணுக்கு அற்பமாகத் தோன்றினாலும் ஓர் இளைஞனுடைய ஜீவனத்தையே நிர்ணயிக்க வல்ல வேறொரு காரியத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வில் தேறி, 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடித்து, கயிறேறிக் காய்த்த உள்ளங்கையோடு இரண்டாம் நிலைக் காவலர் உத்தரவுக்காக ஒருவன் வீட்டில் காத்திருக்கையில், அவனுடைய ஊருக்குப் போய் அவன் எப்படிப்பட்டவன் என்று விசாரித்து எழுதித் தரும் வேலை அது. துறையில் அதை முன்நடத்தை விசாரணை என்பார்கள்.

ஊரில் விசாரிப்பதற்கு ஒரு முறை உண்டு. டீக்கடையில் கேட்டால் பேச்சு கிடைக்குமேயன்றி உண்மை கிடைக்காது. பங்காளி வீட்டில் கேட்டால் வரப்புத் தகராறு முழுவதும் பையன் தலையில் இறங்கும். அவன் படித்த பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், நியாயவிலைக் கடைக்காரர், ஊரின் நல்லது கெட்டது இரண்டையும் அறிந்த கிராம உதவியாளர் ஆகிய மூவரிடமும் தனித்தனியே பேசி, மூவரும் ஒன்றுபோலச் சொல்வதையே நான் ஏற்றுக்கொள்வேன். வீட்டுக்குப் போவதைக் கடைசியில்தான் வைத்துக்கொள்வது. அங்கே மோர்ச் சொம்போடு வரும் தாயார் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: “ஐயா, அந்தப் பழைய கேசு ஒண்ணும் பண்ணாதுல்ல?”

அவர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகள் இவ்விஷயத்தில் மிகக் கடுமையானவை. குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவன், சந்தேகத்தின் பலனால் விடுதலை பெற்றிருந்தாலுங்கூட, சம்பந்தப்பட்டவனாகவே கருதப்படுவான் என்பது விதி. அதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ஆம் ஆண்டில் செல்லுமென்று உறுதிப்படுத்தியது. ஆகவே எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்தால் போலீஸ் வேலை போயிற்று என்பது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அப்பெயர் எந்தப் பிராயத்தில் வந்தது என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை. என் தொழிலில் நான் கற்றதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

பதினாறு வயதுப் பையன் ஒருவன், கொன்னையூர் மாரியம்மன் கோயில் பூச்சொரிதலுக்குப் போக வேண்டுமென்ற ஆசையில், வாசலில் சாவியோடு நின்ற மாமன் முறைக்காரருடைய மோட்டார் சைக்கிளைக் கேளாமல் எடுத்துக்கொண்டு போய், பெட்ரோல் தீர்ந்த இடத்தில் போட்டுவிட்டு நடந்து வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அது திருட்டு. ஆயினும் அதற்குரிய உச்சபட்சத் தண்டனை மூன்றாண்டு ஆகையால், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கண்ணில் அது சிறு குற்றம். அப்படிப்பட்ட சிறுவன் மீது முதல் தகவல் அறிக்கை போடாமல், பொது நாட்குறிப்பில் குறித்துக்கொண்டு, அவனுடைய குடும்ப நிலையை விவரிக்கும் சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்கின்றன. குழுமம் அவனைக் கண்டித்து அனுப்பலாம்; சமூக சேவை செய்யச் சொல்லலாம்; பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம்.

இந்த ஏற்பாடு தவறிப்போகும் இடம், பெரியவர்களோடு சிறுவனும் சேர்ந்துகொள்ளும் வழக்குகள். திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு தெருவாருக்குள் கைகலப்பு நேர்ந்தால், புகார் கொடுப்பவர் எதிர்வீட்டு ஆண்பிள்ளைகள் அனைவரையும் ஞாபகத்திலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுவார். எழுதுகிறவர் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, முகத்தைக்கூடப் பாராமல், ‘சுமார் 19’ என்று எழுதிவிடுவார். 2019 ஏப்ரலில், ஓர் ஒலிப்பதிவு மூட்டிய கோபத்தில் எங்கள் ஊர்க் காவல் நிலையமே முற்றுகையிடப்பட்டுக் கல்வீச்சு நடந்து 144 தடையுத்தரவு பிறந்த நாட்களை அறிந்தவர்களுக்கு, கூட்டத்தில் யார் எந்த வயதினர் என்று அப்போதைக்கப்போது பார்த்து எழுதுவது எவ்வளவு அரிது என்பது விளங்கும். ஆகையால் பதிவேட்டில் ஓர் அபேட்சகனுடைய பெயரைக் கண்டவுடனே நான் கேட்டு வாங்குவது அவனுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான். வயதை நிர்ணயிப்பதற்குச் சட்டம் முதலில் ஏற்பதும் பள்ளிச் சான்றையே. சம்பவத் தேதியை ஒரு தாளில் எழுதி, அதற்கடியில் பிறந்த தேதியை எழுதிக் கழித்துப் பார்த்தால், ‘சுமார் 19’ என்பவன் பதினேழு நிரம்பாதவனாக வெளிப்படுவதுண்டு. அந்தக் கழித்தல் கணக்கை எவரும் போட்டிராத காரணத்தால், தனியாகப் பிரிந்து குழுமத்துக்குப் போயிருக்க வேண்டிய பையன், பெரியவர்களோடு கோர்ட் வராந்தாவில் வருஷக்கணக்கில் நின்றிருப்பான்.

குழுமத்தில் முடிந்துபோன விஷயத்தைப் பற்றிச் சட்டம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பேசுகிறது. பதினாறு நிரம்பிய பின் கொடுங்குற்றம் புரிந்து, பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றவாளியென்று தீர்ப்பானவர்கள் நீங்கலாக, மற்றச் சிறுவர்களுக்கு அக்குற்றத்தினால் எந்தத் தகுதியிழப்பும் நேராது என்கிறது 24-ஆவது பிரிவு. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இக்கொள்கை இருந்ததுதான். நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட அந்த ஆவணத்தைப் போலீஸார் வெளியிடலாகாது என்கிறது 74-ஆவது பிரிவு. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் உதவி ஆய்வாளர் பதவிக்குத் தேர்வான ஒருவருடைய வழக்கில், சிறுபிராயத்துக் குற்றச்சாட்டை வைத்து அவருக்கு வேலையை மறுக்கலாகாதென்று தீர்ப்பளித்தது. ஆகவே அந்தப் பழைய சங்கதியை அறிக்கையில் எழுதாமல் விடுவது விசாரணைக்காரன் காட்டும் தயவு என்று சொல்வதை நான் ஒப்புவதில்லை. அது அவன் மீது சட்டம் சுமத்திய கடமை.

2011-இல் டெல்லிப் போலீஸ் பதவி பற்றிய ஒரு வழக்கில், வாலிபத்தில் செய்த பிழைகளைப் பொறுக்க வேண்டுமென்று எழுதிய நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, பிரெஞ்சு நாவலொன்றில் ரொட்டி திருடிய கதாநாயகன் ழான் வால்ழானை நினைவூட்டினார். அக்கதையைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கினார். 1950-இல் அது திரைப்படமாகவும் வந்தது. அதில் இன்ஸ்பெக்டர் ஜாவர் வேஷமிட்ட சீதாராமனுக்கு ஜாவர் என்பதே பெயரோடு ஒட்டிக்கொண்டது. கதாநாயகனைவிட அந்த இன்ஸ்பெக்டரைப் பற்றியே நான் அதிகம் யோசித்திருக்கிறேன். லஞ்சம் வாங்காதவன், சோம்பேறியல்லன், கடமையில் இம்மியும் பிசகாதவன். ஆயினும் எதிரே நிற்கும் மனிதனைப் பாராமல் அவனுடைய பழைய ஏட்டையே பார்த்தவன். எங்கள் உத்தியோகத்தில் கெட்டவர்களால் விளையும் கேட்டைப் போலவே, இத்தகைய நல்லவர்களாலும் கேடு விளைவதுண்டு.

அபேட்சகனுக்கு நான் சொல்வது ஒன்றுண்டு. விண்ணப்பத்தோடு தரும் படிவத்தில், எந்த வழக்கிலாவது சம்பந்தப்பட்டதுண்டா என்று கேட்டிருக்கும். சிறுபிராயத்துச் சங்கதியைச் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டத்தைக் காட்டி வாதாட இடமிருக்கிறது; ஆனால் அந்த வாதத்தை உயர் நீதிமன்றத்தில் வென்று வருவதற்குள் வயது வரம்பு கடந்துவிடக்கூடும். 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் வகுத்த நெறியும், வழக்கின் தன்மையைப் போலவே அதை மறைத்தானா சொன்னானா என்பதையும் எடைபோடுவதாகவே இருக்கிறது. ஆதலால் சம்பவத் தேதியையும், அன்று தனக்கு நடந்த வயதையும், குழுமம் முடித்துவைத்த தேதியையும் எழுதிவிடு என்பதே என் அபிப்பிராயம்.

அதற்குக் கையில் காகிதம் வேண்டும். குழுமத்தின் முடிவுரையினுடைய சான்றிட்ட நகலைப் புதுக்கோட்டைக்குப் போய் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் ஆவணங்களை அழிக்கச் சொல்லும் உத்தரவு பிறந்ததா என்றும், அது நிலையத்துக்கு வந்து சேர்ந்ததா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நாட்குறிப்பு தூசடைந்து பரணில் கிடந்த காலம் போய், ஒரு பெயரைத் தட்டினால் மாநிலத்தின் எந்த நிலையத்துப் பதிவும் திரையில் வந்து நிற்கும் காலம் இது. ஏட்டில் அழித்தவர்கள் கணினியிலும் அழித்தார்களா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.